கல் வைத்துப் பழுத்த இளஞ்சிவப்பு

பிங்க் பிரின்சஸ் (இலையில் இளஞ்சிவப்புத் திட்டு விழும், ஃபிலோடென்ட்ரான் வகை அலங்காரக் கொடி) வாங்கலாம் என்று இருப்பவர்கள் பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு 1,800 ரூபாயும் எட்டு மாதமும் ஆனது.

இன்ஸ்டாகிராமில் ஒரு விற்பனையாளர். படத்தில் மேல் இலைகள் நான்கும் ரோஸ் மில்க் நிறம், கீழே எல்லாம் பச்சை. "இது பிரின்சஸ்தானே?" என்று கேட்டேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது. வாயைத் திறந்து ஆமாம் என்று சொல்லவே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

செடி நல்லபடியாகத்தான் வந்து சேர்ந்தது. ஃபிலோடென்ட்ரான் என்றால் கிரேக்கத்தில் மரத்தை நேசிப்பது என்று பொருள். கொலம்பியக் காடுகளில் மரத்தைப் பற்றி ஏறும் இனத்திலிருந்து வந்தது பிரின்சஸ். அதனால் தேங்காய் நார் சுற்றிய கம்பு ஒன்று தனியாக வாங்கி நட்டேன். கோகோ பீட், பெர்லைட், கொஞ்சம் கரித்துண்டு கலந்த மண். நேர் வெயில் படாத, வெளிச்சமான ஜன்னலோரம். மேல்மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர். இத்தனைக்கும் அது சேம்பு, கருணைக்கிழங்கு குடும்பம்தான். இலையைக் கிள்ளினால் பால் பட்டுக் கை அரிக்கும்.

இரண்டாவது மாதம் வந்த புது இலை முழுப் பச்சை. அடுத்ததும் பச்சை. விற்றவரைக் கேட்டால், "வெளிச்சம் பத்தல மேடம்." இடத்தை மாற்றினேன். "உரம் போடுங்க மேடம்." போட்டேன். ஆறாவது மாதத்தில் பழைய ரோஸ் இலைகளும் ஓரத்திலிருந்து பச்சையாகத் தொடங்கின. கம்பு நட்டது நட்டபடி நின்றது. செடி அதன் பக்கம் திரும்பவே இல்லை. நடுவிலிருந்து கொத்தாக விரிந்துகொண்டே போனது. அப்போதுதான் சந்தேகம் வந்து தேடினேன்.

என்னிடம் இருந்தது பிங்க் காங்கோ என்ற வேறொரு ஃபிலோடென்ட்ரான். கொடியே இல்லை. சாதாரணப் பச்சைச் செடிக்கு ரசாயனம் கொடுத்து, புது இலைகளில் பச்சையம் சேராமல் கொஞ்ச காலம் தடுத்து வைக்கிறார்கள். கல் வைத்துப் பழுக்க வைத்த மாம்பழம் மாதிரிதான். மருந்தின் வேகம் சில மாதங்களில் இறங்கிவிடும், அப்புறம் பச்சைதான். நான் என்ன வெளிச்சம் காட்டியிருந்தாலும் அந்த நிறம் திரும்பியிருக்காது. உரம் போடச் சொன்னவருக்கு இது தெரியாதா என்ன?

அசல் பிரின்சஸின் இலை கரும்பச்சை. அதில் பெயின்ட் தெளித்த மாதிரி அங்கங்கே இளஞ்சிவப்பு. ஒரு இலை போல இன்னொன்று இருக்காது. முக்கியமாகத் தண்டைப் பாருங்கள்: அதிலும் இளஞ்சிவப்புக் கோடு ஓட வேண்டும், அடுத்த இலைக்கு நிறம் அங்கிருந்துதான் வருகிறது. எல்லா இலையும் ஒரே மாதிரி ரோஸாக இருந்து தண்டு வெறும் பச்சையாக இருந்தால் வாங்காதீர்கள். தண்டின் படம் கேளுங்கள்; அனுப்பத் தயங்கினால் விட்டுவிடுங்கள். "பிங்க் பிரின்சஸ் விதை" என்று பொட்டலம் விற்பவர்களும் இருக்கிறார்கள். அந்த நிறக்கலவை விதையில் வராது. கணுவோடு வெட்டிய துண்டிலிருந்தோ திசு வளர்ப்பிலோதான் வரும். அதிலும்கூடச் சில சமயம் வெறும் பச்சையாகத் திரும்பிவிடும். அது இயற்கை, அதற்கு விற்றவரைத் திட்ட முடியாது.

சரி, பணம்? "நாங்க பிங்க் ஃபிலோன்னுதான் போட்டிருக்கோம், பிரின்சஸ்னு எங்க சொன்னோம்?" என்றார். பதிவைத் திறந்து பார்த்தால் உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது, நான்தான் படத்தை மட்டும் பார்த்திருக்கிறேன். கட்டைவிரலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். "அது மெசேஜ் பார்த்தேன்னு அர்த்தம் மேடம்" என்று சொல்லிவிட்டு என்னைப் பிளாக் செய்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பேசலாம் என்றார்கள். கையில் பில் இல்லை. ஜிபே ரசீதும் அந்தக் கட்டைவிரலும்தான் இருக்கின்றன. அதை வைத்தே புகார் கொடுக்கப் போகிறேன்.

தங்கையின் போனில் நேற்று அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். அதே படம், அதே நான்கு இலை. விலை மட்டும் 2,200.