ஸ்டூடியோவா, ஊர் அச்சகமா?

அண்ணாவின் மகள் உயர்தரத்துக்குச் சித்திரம் எடுத்தவள். பெறுபேறு வரும்வரை சும்மா இருக்கப் பிடிக்காமல், போன கிழமை உப்புவெளிக்கு வந்து என் முன்னால் இரண்டு வழிகளை வைத்தாள். ஒன்று, சென்னையில் பதிப்போவியமும் கையால் தைத்த நூல்களும் செய்கிற ஒரு ஸ்டூடியோவில் பயிலுநராகச் சேர்வது. மற்றது, திருகோணமலை டவுனிலேயே ஒரு அச்சகத்தில் உதவிக்கு நிற்பது. "ரெண்டும் கடதாசி வேலைதானே மாமி, எது நல்லம்?" என்றாள். நான் இரண்டிலும் நின்றவள்.

ஸ்டூடியோவின் கவர்ச்சி பொய்யில்லை. செப்புத் தகட்டில் மெழுகுப் பூச்சிட்டு, ஊசியால் கீறி, ஃபெரிக் குளோரைட்டில் அரிக்க விட்டு, மை தடவி, மிஞ்சியதை உள்ளங்கையால் துடைத்து, உருளைக்கு அடியில் அனுப்புவோம். மறுபக்கம் வந்ததும் தாளின் இரண்டு மூலையைப் பிடித்துத் தூக்குகிற அந்த நொடிக்காக மாதக்கணக்கில் தரை கூட்டலாம். கூட்டத்தான் வேண்டும். நான் நான்காவது கிழமையில்தான் அந்த உருளையைச் சுழற்றும் சக்கரத்தைத் தொட்டேன். அதுவரை மை வழிப்பு, தட்டுக் கழுவல், தாள் கிழிப்பு. சம்பளம் இல்லை. விசா, அறை வாடகை, சாப்பாடு எல்லாம் வீட்டுக் காசு.

ஆனாலும் அங்கே கிடைக்கிற பார்வை வேறெங்கும் கிடைக்காது. இருபது பிரதி எடுத்தால் இருபதும் ஒன்றுபோல இருக்க வேண்டும். நூலிழை விலகினாலும் அந்தத் தாள் போச்சு. தேறியதன் கீழே பென்சிலால் 3/20 என்று எழுதுவார்கள். நூல் என்பதே ஒரு கலைப்பொருள் ஆகலாம் என்பதும் அங்கேதான் உறைக்கும். கையால் திரை அச்சிட்டுக் கையாலேயே தைக்கும் நூல்களுக்குப் பேர்போன தாரா புக்ஸ் சென்னையில்தான் இருக்கிறது. நம் பக்கத்தில், இடம்பெயர்ந்தவர்கள் நினைவிலிருந்து கீறிக் கொடுத்த வீட்டுப் படங்களை வைத்து யாழ்ப்பாணத்து ஓவியர் சனாதனன் 2011இல் ஒரு தோம்பையே, அதாவது காணிப் பதிவேட்டையே, நூலாக்கினார். அதைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

சரி, அச்சகம். பில் புத்தகம், கல்யாணக் கார்ட், கோயில் திருவிழா நோட்டீஸ். அழகியல் என்று யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தது கார்த்திகை மாதம், வாடைக்காற்று மழை கொட்டுகிற நேரம். கடற்கரை ஊரில் அந்த மாதங்களில் கடதாசி தானாக ஈரம் குடிக்கும், குடித்தால் அதன் நார் ஓடுகிற திசைக்குக் குறுக்கே விரியும். மட்டையை மிச்சம் பிடிக்கவென்று நார் பார்க்காமல் வெட்டிய அட்டைகள் விடிவதற்குள் அப்பளம் போலச் சுருண்டு கிடந்தன. நூலின் முதுகும் நாரும் ஒரே பக்கமாக ஓட வேண்டும் என்று ஸ்டூடியோவிலும் சொல்லித் தருவார்கள். ஆனால் முந்நூறு அட்டை சுருண்டு கிடப்பதைப் பார்த்தவளுக்கு அது பாடமில்லை, பயம். வேடிக்கை என்னவென்றால், அச்சகத்தில் எந்த ஈரத்தோடு சண்டை பிடித்தேனோ, ஸ்டூடியோவில் அதே ஈரத்துக்காகத் தாளைத் தண்ணீர்த் தட்டில் ஊறப்போட்டு ஒற்றி எடுத்தேன். ஈரத் தாள்தான் இளகி, தகட்டின் கீறலுக்குள் இறங்கி மையை அள்ளி வரும்.

அச்சகத்தில் நான் மறக்காத வேலை ஒரு கல்வெட்டு. முப்பத்தோராம் நாள் நினைவு மலர். ஏ5 அளவு, 16 பக்கம், 300 பிரதி. ஒரு பிரதிக்கு நான்கு ஏ4 தாள், ஆக 1200. கழிவையும் சேர்த்து மூன்று ரீம், அதாவது 1500 தாள், எடு என்றார் மெஷின் அண்ணை. இரவு எட்டு மணிக்குக் கனடாவிலிருந்து மருமகனின் இரங்கற்பா வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தது. பதினேழாம் பக்கம்! நடுவில் மடித்துக் கம்பி அடிக்கிற நூலில் அப்படி ஒரு பக்கமே கிடையாது, நான்கு நான்காகத்தான் கூடும். துக்க வீட்டுக்காரரிடம் கணக்குப் பேச முடியுமா? அட்டையின் உட்பக்கத்தில் பாட்டை ஏற்றிவிட்டு, அண்ணை ஒரு பிளேன்ரீ குடிக்கப் போய்விட்டார். பின்னாளில் ஸ்டூடியோவில் ஒரு ஓவியரின் நூலுக்கு எந்தப் பக்கம் எந்தத் தாளில் விழும் என்று ஒழுங்கு போடக் கேட்டபோது, பட்டம் முடித்து வந்தவர்கள் தாளை மடித்து மடித்துப் பார்த்தார்கள். எனக்கு அது கல்வெட்டுக் கணக்குத்தான்.

அங்கே முன்னாள் அச்சுக்கோர்ப்பாளர் ஒரு ஐயாவும் இருந்தார். ஈய எழுத்தைத் தலைகீழாக வைத்து இடமிருந்து வலமாக வாசித்துப் பழகிய கண். நான் லினோ என்கிற மென்தகட்டில் 'கோ' செதுக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். "பிள்ளை, கொம்பு எந்தப் பக்கம் விழும் எண்டு பாத்தனீரா?" என்றார். பார்க்கவில்லை. அச்சில் இடம்வலம் மாறி, கொம்பு 'க'வுக்கு வலப்பக்கம் நின்றது.

அச்சகத்தின் குறையையும் சொல்ல வேண்டும். கட்டிங் மெஷினில், கை கத்திக்கு அடியில் போகாமலிருக்க, இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமத்தினால்தான் கத்தி இறங்க வேண்டும். நான் நின்ற இடத்தில் ஒரு பட்டனை டேப் சுற்றி நிரந்தரமாக அமத்தி வைத்திருந்தார்கள். வேகத்துக்காம். அதோடு, செய்த வேலை எதிலும் உன் பேர் வராது. பேர் முக்கியமென்றால் ஸ்டூடியோதான்.

மட்டக்களப்பு விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலோ யாழ் பல்கலைக்கழகத்திலோ நுண்கலை முடித்தவர் கேட்டிருந்தால், யோசிக்காமல் சென்னைக்குப் போ என்றிருப்பேன். இவளுக்குப் பத்தொன்பது வயது, கையில் இன்னும் கடதாசி படியவில்லை. தை பிறக்கும்வரை அச்சகம், அப்புறம் ஸ்டூடியோ என்றேன். முகம் கொஞ்சம் சுருங்கியது. "அப்ப மாமி, அங்க போய் முதல்ல என்ன கேக்கிறது?"

இரண்டு பட்டனும் வேலை செய்யுதா என்று கேள் என்றேன்.