எழுநூறு ரூபாய்க்கு நான்கு மைக்கேல் லூயிஸ்

சென்னையில் அந்தத் தெருவின் பெயர்ப்பலகை பாரதி சாலை என்கிறது. எனக்கு அது இன்னமும் பைகிராப்ட்ஸ் ரோடுதான். அங்கே நடைபாதைக் கடை ஒன்றில் அமெரிக்க எழுத்தாளர் மைக்கேல் லூயிஸின் நான்கு புத்தகங்களைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார் கடைக்காரர். 850 ரூபாய் சொன்னார். ஒன்று மட்டும் கேட்டேன். "நாலும் ஒரே ஆள் எழுதியது சார், பிரிக்க மாட்டேன்" என்றார். 700-க்கு முடிந்தது.

வங்கியில் 31 ஆண்டு கடன் பிரிவில் இருந்தவன் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் கீழ் டிவிஷன் கிரிக்கெட் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதுகிறேன். பணத்தையும் விளையாட்டையும் மாறிமாறி எழுதும் ஆள் எனக்குக் கிடைத்ததில் ஆச்சரியமில்லை.

முதல் புத்தகம் 'லையர்ஸ் போக்கர்', 1989. கலை வரலாறு படித்த பையன் லூயிஸ், விருந்தொன்றில் பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாளின் தயவால் சாலமன் பிரதர்ஸ் நிறுவனத்தில் கடன்பத்திரம் விற்கப் போகிறான். அந்த வேலையின் அபத்தத்தைச் சொல்ல எழுதினாராம். படித்த மாணவர்களோ, அதில் சேருவது எப்படி என்று கடிதம் போட்டார்களாம். சிரிக்கலாம், ஒருமுறை படிக்கலாம்.

'மணிபால்' வேறு ரகம். 2002-இல் ஓக்லாண்ட் பேஸ்பால் அணியின் சம்பளப் பட்டியல் ஏறத்தாழ 4 கோடி டாலர். நியூயார்க் யாங்கீஸுக்கு 12 கோடிக்கு மேல். அந்தப் பருவத்தில் இரு அணிகளும் வென்றது தலா 103 ஆட்டங்கள். எப்படி? பேஸ்பாலில் நான்கு தவறான பந்துகளைத் தொடாமல் விட்டால் மட்டையாளர் முதல் தளத்துக்கு நடந்தே போகலாம். மட்டையடிச் சராசரியில் அது சேராது என்பதால் சந்தையில் அதற்கு விலை இல்லை. ஓக்லாண்ட் அதைத்தான் மலிவாக வாங்கியது. முழங்கை கெட்டு, பந்து எறியவே முடியாமல் போன ஸ்காட் ஹாட்டெபெர்க் அப்படி வந்தவர்.

எனக்கு உடனே எங்கள் ஸ்கோர் புத்தகம் நினைவுக்கு வந்தது. வைடு உதிரிக் கணக்கில் போய்விடும். பொறுமையாக விட்ட மட்டையாளர் பெயரில் ஒரு வரவும் விழாது. புத்தகத்தில் ஒரு குறை: ஓக்லாண்ட் அணியில் ஹட்சன், மல்டர், ஸீட்டோ என்று மூன்று அருமையான பந்துவீச்சாளர்கள் இருந்தார்கள். கதைக்குத் தோதில்லை என்பதாலோ என்னவோ, அவர்களைப் போகிற போக்கில் தொட்டுவிட்டுப் போகிறார்.

அமெரிக்க வீட்டுக்கடன் சந்தை சரிந்த கதையைச் சொல்லும் 'தி பிக் ஷார்ட்' புத்தகத்தில் ஆண்டுக்கு 14,000 டாலர் சம்பாதிக்கும் ஸ்ட்ராபெர்ரி பறிக்கும் தொழிலாளி வருகிறார். அவருக்கு 7,24,000 டாலர் வீட்டுக்கு முழுத் தொகையும் கடன்! ஆண்டு வருமானத்தைப் போல 52 மடங்கு. பென்சிலை எடுத்து ஓரத்தில் வகுத்துப் பார்த்தேன், மறுபடியும் வகுத்துப் பார்த்தேன். எங்கள் கிளையில் இப்படி ஒரு விண்ணப்பத்தை மேசையில் வைத்திருந்தால் பியூன்கூடத் திருப்பி அனுப்பியிருப்பார்.

இந்தப் புத்தகத்தின் என் பிரதியில் 193 முதல் 208 வரை பக்கங்கள் இல்லை. திரும்பப் போய்க் கேட்டதற்கு, "அதற்குத்தானே சார் 150 குறைத்தேன்" என்றார். வாங்குவோர் கடையிலேயே பக்கங்களை எண்ணிவிடவும்.

நான்காவது 'கோயிங் இன்ஃபினிட்'. கிரிப்டோ என்னும் மின்னணு நாணய வியாபாரி சாம் பேங்க்மன் ஃபிரைடைப் பற்றியது. 2023 அக்டோபரில் அவர் வழக்கு விசாரணை தொடங்கிய நாளில் வெளிவந்தது. அடுத்த மாதம் அவர் மோசடிக் குற்றவாளி என்று தீர்ப்பு, 2024 மார்ச்சில் 25 ஆண்டு சிறை. கடன் கேட்பவர் வீட்டில் காபி குடிக்காதே என்பார் என் முதல் மேனேஜர். லூயிஸ் குடித்துவிட்டார். மற்ற புத்தகங்களில் ஆளைவிடக் கணக்கு பெரிதாக இருந்தது. இதில் ஆள் மேல் உள்ள பிரியம் கணக்கை மறைக்கிறது. இதை மட்டும் யாராவது கேட்டால் கொடுத்துவிடுவேன்.

போன ஞாயிறு ஆட்டத்தில், வைடை விட்ட மட்டையாளர் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னக் கோடு போட்டு வைத்தேன். கேப்டன் எட்டிப் பார்த்து, என்ன சார் இது என்று கேட்டார். விளக்கினேன்.

"பொறுமையா? அவனுக்கு எட்டவில்லை சார்" என்றார்.