ரோமியோ ஜூலியட் படிக்க: சொற்பட்டியலா, காட்சியோடு கற்பதா?

ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ அண்ட் ஜூலியட்’ பாடமாக வந்தால் முதலில் மிரட்டுவது அந்தக் காலத்து ஆங்கிலச் சொற்கள்தான். அவற்றைப் பட்டியல் போட்டு முன்கூட்டியே மனப்பாடம் செய்வது ஒரு வழி. காட்சியை வாசித்துக்கொண்டே, தடுக்கும் இடத்தில் நின்று கற்பது இன்னொரு வழி.

பட்டியலால் பயன் உண்டு. தௌ (நீ), தீ (உன்னை), ஆர்ட் (‘ஆர்’ என்பதன் பழைய வடிவம்), ஹாத் (‘ஹாஸ்’ என்பதன் பழைய வடிவம்) எல்லாம் பக்கத்துக்குப் பக்கம் வரும். இப்படி 20 சொற்கள் கைவசம் இருந்தால் வாசிப்பு ஓடும்.

ஆனால் ‘வேர்ஃபோர்’ என்ற சொல்லைப் பாருங்கள். ‘எங்கே’ என்று தோன்றும், பொருளோ ‘ஏன்’. இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சியில் ஜூலியட் காதலனைத் தேடவில்லை. பகைக் குடும்பத்துப் பெயரோடு நீ ஏன் ரோமியோவாக இருக்கிறாய் என்று மனம் நொந்து கேட்கிறாள். அவன் கீழே தோட்டத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். அது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. நாடக முரண் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எந்த அகராதியிலும் கிடைக்காது. ‘இன்னும் கேட்கவா, பேசிவிடவா’ என்று ரோமியோ தனக்குள் சொல்லிக்கொள்ளும் ஒரு வரி போதும், மேடையில் மற்றவருக்குக் கேட்காமல் பார்வையாளருக்கு மட்டும் கேட்கும்படி பேசும் ‘அசைடு’ புரிந்துவிடும்.

சானெட் என்ற கவிதை வடிவமும் அப்படித்தான். 14 வரி என்று குறித்துவைத்தால் தேர்வோடு மறந்துபோகும். இருவரும் முதன்முதலில் பேசும்போது மாறி மாறிச் சொல்லியே ஒரு முழு சானெட்டை முடிக்கிறார்கள். விரல்விட்டு எண்ணிப் பார்த்தவருக்கு அது மறக்காது.

என் ஓட்டு காட்சிக்குத்தான். தேர்வுக்கு ஒரு வாரமே இருக்கிறதா? சரி, பட்டியலை எடுங்கள். ஒவ்வொரு சொல்லுக்குப் பக்கத்திலும் அது வரும் வரியையும் எழுதிக்கொள்ளுங்கள்.