லேப்பிஸ் நீலமா, ஃப்ரெஞ்ச் அல்ட்ராமரினா? எதுல காசு போடலாம்

ரெண்டுமே ஓவியத்துக்குப் பூசுற நீலக் கலர், ரெண்டுக்கும் பேரு அல்ட்ராமரின்தான், நிறத்தைக் குடுக்குற கெமிஸ்ட்ரியும் ஒண்ணுதான், ஆனா ஒண்ணு ட்யூப்ல சல்லிசா கிடைக்குது, இன்னொண்ண கிராம் கணக்குல நிறுத்து தங்கம் மாதிரி விக்கிறாங்க. ரெண்டையும் கருவேலம்பிசின்ல குழைச்சு ஒரே பேப்பர்ல பூசிப் பார்த்துட்டேன், அதான் எழுதுறேன்.

மொதல்ல ஒரிஜினல். ஆப்கானிஸ்தான்ல படக்‌ஷான் மலைச் சுரங்கத்துல இருந்து வர்ற லேப்பிஸ் லாசுலி கல்லு. சும்மா அரைச்சா வெளுத்த சாம்பல் பொடிதான் மிஞ்சும், ஏன்னா உள்ள கால்சைட்டு, பைரைட்டுன்னு ஏகப்பட்டது கலந்து கிடக்கு. அதனால பைன் பிசின், மாஸ்டிக் (அதுவும் ஒரு மரப்பிசின்தான்), மெழுகு மூணையும் உருக்கி பொடியப் போட்டு சப்பாத்தி மாவாட்டம் பிசைஞ்சு, நாள் கணக்குல ஊற விட்டு, அப்புறம் சாம்பல்ல எடுத்த காரத் தண்ணிக்குள்ள வச்சு அமுக்கணும், நீலம் தண்ணில இறங்கிடும், குப்பை மாவுலயே ஒட்டிக்கும். தேங்காப்பால் கணக்குதான், முதல் பால்தான் டாப்பு, போகப் போக வெளுக்கும், கடைசில வர்றத அல்ட்ராமரின் சாம்பல்னே பேர் வச்சு வித்தாங்க.

அந்தக் காலத்துல இத்தாலில ஃப்ளாரன்ஸ் ஊர்ல ஓவியர்கள் கலர் வாங்குனது மருந்துக்கடைல, நம்ம ஊர் நாட்டு மருந்துக்கடை மாதிரி. 1485ல கிர்லாந்தாயோங்கிற ஓவியருக்குப் போட்ட ஒப்பந்தத்துல அவுன்ஸ் சுமார் நாலு ஃப்ளோரின் (அந்த ஊர் தங்கக் காசு) பெறுமான அல்ட்ராமரின்தான் போடணும்னு எழுதியே வாங்கிட்டாங்க. காசு குடுக்குறவனுக்கு சந்தேகம் இருக்கத்தானே செய்யும், விலை கம்மியான அசுரைட்டுங்கிற வேற நீலக் கல்லுப் பொடிய பூசிட்டா என்ன பண்றது?

இப்போ டூப்ளிகேட்டு, அதான் ஃப்ரெஞ்ச் அல்ட்ராமரின். 1824ல பாரிஸ்ல ஒரு சங்கம், கிலோ 300 ஃப்ராங்க்குக்குள்ள செயற்கையா செஞ்சு காட்டுனா 6,000 ஃப்ராங்க் பரிசுன்னு அறிவிச்சது, கல்லுல எடுத்தது அப்ப ஆயிரக்கணக்குல வித்துட்டு இருந்துச்சு. 1828ல கிமேங்கிற ஃப்ரெஞ்ச் கெமிஸ்ட் பரிசைத் தட்டிட்டுப் போனார். வெள்ளைக் களிமண்ணு, சோடா, கந்தகம், கரி, அவ்ளோதான், சூளைல வேகணும். வெள்ளைச் சட்டைக்கு அம்மா போட்ட நீலப் பொடி கூட இதே சரக்குதான் (சொட்டு நீலம் இல்ல, அது வேற டை). 1832ல லண்டன்ல வின்ஸர் அண்ட் நியூட்டன் கடை வந்துச்சு, 1841ல ஜான் ராண்ட் தகர ட்யூபுக்கு பேட்டண்ட் எடுத்தார், அப்புறம் எவன் உக்காந்து மாவு பிசைவான்!

சரி பூசுனா எப்படி? செயற்கை பொடி நைஸா ஒரே சைஸ்ல இருக்கும், அதனால அடர்த்தி ஜாஸ்தி, கொஞ்சம் ஊதாப் பக்கம் சாயும். லேப்பிஸ் துகள் பெருசும் சிறுசுமா இருக்கு, வாட்டர்கலர் வாஷ்ல மணல் மணலா தங்கி ஒரு மென்மையான நீலம் வருது, அந்த ஒரு விஷயத்துல என் ஓட்டு லேப்பிஸுக்குத்தான். ஆனா தள்ளி நின்னு பாத்தா செயற்கைதான் பளிச்சுன்னு தெரியுது. ரெண்டுமே ஆசிட்டுக்கு ஆகாது, பட்டா வெளுத்துடும்.

ப்ரஷ்யன் நீலம்னு இன்னொரு செயற்கை நீலத்த இதுக்கு மாத்தா சொல்றாங்க, எனக்கு ஒத்துக்கல, அது பச்சைப் பக்கம் சாயுற ஆளு, கொஞ்சம் கூடுனாலும் மத்த கலரையெல்லாம் முழுங்கிடும்.

உண்மைல கல்லா சூளையாங்கிறத விட எதுல குழைக்கிறோம்ங்கிறதுதான் பெருசு. காஞ்ச பொடில இருக்குற அந்த ஜொலிப்பு எண்ணெய் பட்டதும் இருட்டிப்போகும். ஃப்ரெஞ்ச் ஓவியர் ஈவ் க்ளைன் இதுக்காகத்தான் பாரிஸ்ல கலர் கடை வச்சிருந்த எதுவார் ஆதாமோட சேர்ந்து ஒரு செயற்கை ரெசின் பைண்டர் (பொடிய ஒட்ட வைக்கிற பசை) புடிச்சு 1960ல பதிவு பண்ணார். உள்ள இருந்த பிக்மென்ட்டு லேப்பிஸ் இல்ல, சாதாரண சூளை நீலம்தான்.

அதனால ஆயில், அக்ரிலிக்னா ட்யூப் வாங்குங்க. வாட்டர்கலரோ டெம்பராவோ (முட்டை மஞ்சக்கருல குழைக்கிற கலர்) பண்றவங்க ஆசைக்கு ரெண்டு கிராம் லேப்பிஸ் வாங்கலாம், நான் வாங்குனதுல பாதி கண்ணாடிக் குழவிலயே ஒட்டிக்கிச்சு, அதையும் கணக்குல சேத்துக்கங்க.