முடிச்சுப் போட்ட க்வில்ட்: 4 குளிர்காலத்துக்கு அப்புறம்

மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் தைத்து இணைக்காமல், அங்கங்கே நூலால் முடிச்சுப் போட்டு நான் செய்த போர்வைதான் இந்த க்வில்ட். போன ஞாயிற்றுக்கிழமை 11 முடிச்சை அவிழ்ந்த இடத்தில் மறுபடி போட்டேன். அந்தக் கடுப்பு ஆறுவதற்குள் தோழி போன் செய்து, "என் க்வில்ட்டுக்கு மெஷின் தையல் போடச் சதுர அங்குலத்துக்கு 3 சென்ட் கேக்கறாங்கடி, உன்ன மாதிரி முடிச்சே போட்டுடவா?" என்றாள்.

என்னுடையது 60க்கு 80 அங்குலம், 4 அங்குலத்துக்கு ஒன்று என்று மொத்தம் 266 முடிச்சு. இரண்டு வார இறுதியில் வேலை முடிந்தது. கையால் தைத்திருந்தால் இன்னும் தைத்துக்கொண்டுதான் இருப்பேன். இங்கே கனடாவில் கிச்சனர் பக்கம் மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவுப் பெண்கள் நிவாரணத்துக்கு அனுப்பும் போர்வைகளுக்கு இப்படித்தான் முடிச்சுப் போடுகிறார்கள். கதகதப்பிலும் குறை சொல்ல முடியாது. தையல் ஓடினால் அந்தக் கோடு நெடுகப் பஞ்சு அமுங்கிவிடும், இதில் முடிச்சு விழுந்த இடம் மட்டும்தான் குழி, மற்றதெல்லாம் 4 வருஷம் கழித்தும் புசுபுசுவென்று அப்படியே இருக்கிறது.

சரி, இப்போது என் வயிற்றெரிச்சல். மேல்பக்கம் அழகாக இருக்கட்டும் என்று நூல் நுனிகளை அடிப்பக்கம் விட்டேன். அது போய் மெட்டியில் மாட்டுகிறது! ராத்திரி புரண்டு படுத்தால் ஒரு இழு, காலையில் ஒரு முடிச்சு காலி, அவிழ்வதெல்லாம் கால்மாட்டு வரிசைகளில்தான். நூலும் அக்ரிலிக், வழுக்கும். கம்பளி நூல் என்றால் துவைக்கத் துவைக்க முடிச்சு திரண்டு இறுகும், விலை பார்த்து விட்டுவிட்டேன். போதாக்குறைக்கு சீரியல் பார்த்துக்கொண்டே போட்டதில் பாதி முடிச்சு தப்பு. வலதை இடதுமேல், அப்புறம் இடதை வலதுமேல் போட வேண்டும். இரண்டு தடவையும் ஒரே பக்கம் போட்டால் நிற்காது. நுனியை ஒரு அங்குலமாவது விட வேண்டும் என்பதையும் ஒட்ட நறுக்கிய பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஒரு முடிச்சு போனால் அங்கே இடைவெளி 8 அங்குலம், துவைத்து எடுத்தால் உள்ளே பஞ்சு கட்டி.

இதில் முக்கால்வாசி என் தப்புதான், முறையின் தப்பு இல்லை. இருந்தாலும் தோழியிடம், பேசாமல் காசைக் கொடுத்துத் தைத்துவிடு என்றேன். அப்படியானால் உன்னுடையதை எனக்குத் தந்துவிடு என்றாள். ஜனவரி மாதம் மைனஸ் 20ல் அதைக் கொடுத்துவிட்டு நான் எதைப் போர்த்திக்கொள்வதாம்?

கடைசி வரிசையில் இன்னும் 3 பாக்கி.