ஒட்டுசுட்டான் வீதிக் கம்மாலையில் செய்வித்த மூன்று கருவிகள்: ஒரு போகப் பாவனைக்குப் பிந்திய மதிப்புரை

ஒட்டுசுட்டானிலிருந்து புதுக்குடியிருப்புக்குப் போகும் வீதியில், வீதியை விட்டுச் சற்று உள்ளே, ஒரு புளியமரத்தின் கீழ்த் தகரக்கூரை போட்ட கம்மாலை ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. காலை வேளையில் கேட்கும் சம்மட்டிச் சத்தமே அடையாளம். கடந்த ஆண்டு புரட்டாதியில், காலபோக விதைப்புக்கு முன்பாக, அங்கே ஒரு மண்வெட்டியும் ஒரு காட்டுக்கத்தியும் ஒரு தாக்கத்தியும் செய்வித்தேன். விதைப்பு, களையெடுப்பு, அறுவடை என்று ஒரு போகம் முழுவதும் மூன்றையும் பாவித்துப் பார்த்த பின்பே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். பாடசாலையில் வரலாறு கற்பிப்பதும் வீட்டில் இரண்டு ஏக்கர் வயல் செய்வதும் என் வாழ்க்கையாக இருப்பதால், கையில் பிடித்த கருவியைப் பற்றிப் பேசும்போது பழைய நாகரிகங்களின் கருவிகளும் வணிகமும் நினைவுக்கு வருவதை என்னால் தவிர்க்க முடியவில்லை.

முதலில் மண்வெட்டி. அதற்கு முந்திய ஆண்டு நகரத்துக் கடையொன்றில் வாங்கிய மண்வெட்டி, தகட்டை இயந்திரத்தில் அழுத்தி வெட்டிச் செய்யப்பட்டது. பார்வைக்கு அழகாக இருந்தாலும், கல்லில் இரண்டு முறை பட்டதும் அதன் வாய் மடங்கிவிட்டது. எங்கள் பக்கத்துச் செம்மண் மழைக்கு முன் காய்ந்து கல்லைப் போல இறுகிவிடுவதால், வரம்பு கட்டும் நாட்களில் மண்வெட்டியின் வாய்தான் மனிதனின் முதுகைக் காப்பாற்றுகிறது. கம்மாலைக்காரர் செய்து தந்த மண்வெட்டியின் வாய்ப்பகுதி தடித்த உருக்கினால் ஆனது. காதுப்பகுதியோ பிடியின் அதிர்வைத் தாங்கும்படி சற்று மென்மையாக விடப்பட்டிருக்கிறது. அதனால் பாரம் கூடுதல்தான். முதல் வாரம் தோள்கள் நொந்தன. ஆனால் அந்தப் பாரமே மண்ணுக்குள் இறங்கும் வேலையின் பாதியைச் செய்துவிடுகிறது என்பதை இரண்டாவது வாரத்தில் உணர்ந்தேன். ஒரு போகம் முடிந்தும் வாய் மடங்கவில்லை. ஓர் இடத்தில் மட்டும் நெல் மணி அளவில் ஒரு பொளிவு விழுந்திருக்கிறது.

இத்தகைய ஒரு கருவியின் மீது மக்கள் எவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தார்கள் என்பதற்குச் சீனாவின் பழைய நாணயங்களே சான்று. சௌ அரசர் காலத்தில் அங்கே வெண்கலத்தால் வார்க்கப்பட்ட காசு, மண் வெட்டும் கருவியின் வடிவிலேயே இருந்தது. அதன் தொடக்ககால வகைகளில் பிடி செருகுவதற்கான பொள்ளல் காதுகூட அப்படியே வைக்கப்பட்டிருந்தது, அந்தக் காசில் எவரும் பிடி போட்டு மண் வெட்டப்போவதில்லை என்றாலும். சீ, யான் முதலிய நாடுகளில் கத்தி வடிவக் காசுகள் புழங்கின. கி.மு. 221 இல் சின் பேரரசு நாட்டை ஒன்றாக்கிய பின், நடுவில் சதுரத் துளை உள்ள வட்டக் காசு பொதுவாக்கப்பட்டது. கிரேக்கரிடமும் இதை ஒத்த ஒரு தடம் இருக்கிறது: 'ஒபோல்' என்ற அவர்களது சிறு காசின் பெயர் இறைச்சி சுடும் இரும்புக் கம்பியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, 'திராக்மா' என்பதோ ஒரு கைப்பிடியளவு கம்பிகள், அதாவது ஆறு ஒபோல்கள். என் மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போது ஒரு மண்வெட்டியை மேசையில் வைத்துவிட்டுத்தான் சொல்வேன். எல்லாரும் வேண்டுவதும் எளிதில் கெடாததும் எவர் கையிலும் மதிப்பு மாறாததுமான ஒரு பொருள்தான் பணமாக முடியும் என்று அதன் பின் நான் விளக்க வேண்டியிருப்பதில்லை.

அடுத்தது காட்டுக்கத்தி; மூன்றிலும் மிகச் சிறந்தது இதுதான். லொறி வில்லுத்தகட்டின் ஒரு துண்டை உலையிலிட்டு, பட்டடையில் அடித்து நீட்டி, வாய்ப்பகுதியை மட்டும் தண்ணீரில் தோய்த்து, பிறகு மீண்டும் மெல்லச் சூடாக்கி வைக்கோல் நிறம் ஏறும்போது நிறுத்தினார். முழுக் கத்தியையும் தோய்த்தால் வாய் கூராக நிற்கும், ஆனால் முள்முருக்கின் கணுவில் ஓங்கி வெட்டும்போது உடைந்துவிடும். தோய்க்காமலே விட்டால் உடையாது, ஆனால் ஒரு நாளில் மழுங்கிவிடும். அந்த இரண்டுக்கும் நடுவே நிற்பதற்கு அவருக்கு வெப்பமானி தேவைப்படவில்லை. சிரட்டைக்கரி நெருப்பின் வெளிச்சத்தில் இரும்பின் நிறத்தைப் பார்த்தே முடிவெடுத்தார். வேலியோரத்து நாயுருவி முதல் விறகுக்கான பாலைக் கிளைகள் வரை வெட்டியும், போகத்துக்குள் இரண்டு தடவைதான் சாணைக்கல்லில் தீட்டினேன்.

வில்லுத்தகட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. 1990களில் பொருளாதாரத் தடையால் எரிபொருளும் சீமெந்தும் பற்றரியும் வன்னிக்குள் வராமல் இருந்தபோது, ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துச் சில துளி மண்ணெண்ணெயில் விளக்கெரித்துப் படித்த தலைமுறை நாங்கள். பழுதடைந்து நின்ற வாகனங்களின் வில்லுத்தகடுகள் அந்நாட்களில் கத்தியாகவும் கோடாலியாகவும் மாறியதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். இரும்பு எப்போதும் எங்கோ தொலைவிலிருந்துதான் வருகிறது. அது எந்த வழியாகவும் வராமல் நின்ற காலத்தில், ஏற்கெனவே வந்ததைத் திரும்பத் திரும்ப உருக்கொடுக்கத் தெரிந்தவர்களே ஊரைக் காத்தார்கள். தொலைவு என்று சொன்னாலும் இந்தத் தீவுக்கும் சொந்தமான ஓர் உருக்கு மரபு இருந்தது. மத்திய மலைநாட்டின் தென் சரிவில் உள்ள சமனலவாவிப் பகுதியில், தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இயங்கிய உலைகளை 1990களில் கில் ஜூலெஃப் என்ற தொல்லியலாளர் அகழ்ந்து ஆராய்ந்தார். மலைச்சரிவின் மேற்கு விளிம்பில் காற்றை நோக்கி அமைந்த அந்த உலைகள் கி.பி. 7 ஆம் நூற்றாண்டு முதல் 11 ஆம் நூற்றாண்டு வரை இயங்கியவை. 9 ஆம் நூற்றாண்டு அரபு அறிஞர் அல்-கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய நூலில் சரந்தீப், அதாவது இந்தத் தீவின், உருக்கையும் குறிப்பிடுகிறார். நாங்கள் இருக்கும் இடத்திலிருந்து மேற்கே, திருக்கேதீச்சரத்துக்கு அருகில் உள்ள மாந்தைத் துறைமுகத்தில், 1980 முதல் 1984 வரை நடந்து போரினால் நின்றுபோன அகழ்வில், சீன மட்பாண்டங்களும் மேற்காசிய மட்பாண்டங்களும் ஒரே மண்ணிலிருந்து வெளிவந்தன. அந்தத் துறைக்கு எத்தனை நாட்டு இரும்பு வந்திறங்கியிருக்கும் என்று எண்ணிப் பார்க்காமல் என்னால் மன்னார் வீதியில் போக முடிவதில்லை.

தாக்கத்தியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். வெட்டு இயந்திரம் வந்த பின் அருவி வெட்டு வரம்போரத்துக்கும் சாய்ந்த பயிருக்கும் மட்டும் என்று சுருங்கிவிட்டதால், அதற்கு நான் கொடுத்த வேலை குறைவு. வளைவு சரியாக இருக்கிறது, கைப்பிடி சிறிது. ஒரு நாள் காலையில் சாய்ந்த பயிரை அதனால் அரிந்தபோது, தென் மெசொப்பொத்தேமியாவின் உழவர்கள் ஒரு காலத்தில் சுட்ட களிமண்ணால் அரிவாள் செய்தார்கள் என்பது நினைவுக்கு வந்தது. வண்டல் நிலத்தில் நெல்லுக்கு ஈடாக அவர்களுக்குப் பார்லி விளைந்தது. கல்லும் உலோகமும் மட்டும் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் அவர்கள் கம்பளித் துணியையும் தானியத்தையும் கொடுத்து, இன்றைய ஓமானான ‘மகன்’ என்னும் நாட்டிலிருந்து, இன்றைய பஹ்ரைனை உள்ளடக்கிய தில்முன் வழியாகச் செம்பைக் கொண்டுவந்தார்கள்.

அந்தச் செம்பு வணிகத்திலிருந்து எஞ்சிய ஒரு களிமண் மடல் இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறக்குறைய கி.மு. 1750 இல், ஊர் என்னும் நகரத்து வணிகரான ஏயா-நாசிருக்கு நன்னி என்ற வாடிக்கையாளர் எழுதிய முறைப்பாடு அது: தரங்குறைந்த செம்புக் கட்டிகளைக் காட்டி, வேண்டுமானால் எடு, இல்லையேல் போ என்று தன் ஆளிடம் சொன்னதையும், பணத்துக்காகப் பகை நிலத்தின் ஊடாக நடந்து வந்த தூதரை வெறுங்கையோடு அனுப்பியதையும் அவர் பொறுத்துக்கொள்ளவில்லை. பொருளின் தரத்தைப் போலவே நடத்தப்பட்ட விதமும் அந்த மடலில் கனமாக இருக்கிறது. இந்தக் கம்மாலையைப் பற்றி நான் எழுத முனைந்ததற்கும் அதுவே காரணம். இங்கே இரும்புத் துண்டுகளை முன்னால் பரப்பி வைத்து, தட்டிப் பார்த்து விரும்பியதை எடுக்கச் சொல்கிறார்கள். பழைய மண்வெட்டியைக் கொடுத்தால் அதன் எடைக்கு ஏற்ப விலையில் கழிக்கிறார்கள். பிடியோடு மண்வெட்டிக்கு 3,500 ரூபாயும், கத்திக்கு 3,000 ரூபாயும், தாக்கத்திக்கு 1,200 ரூபாயும் கொடுத்தேன். கடைச் சரக்கைவிடச் சற்றுக் கூடுதல்தான். ஆனால் வாய் தேய்ந்தால் மீண்டும் காய்ச்சி அடித்துத் தருவதாகச் சொன்னதோடு, தை மாதம் கத்தியைக் கொண்டுபோனபோது காசு வாங்காமலே அதைச் செய்தும் தந்தார். என் பாட்டனார் காலத்தில் இந்த வேலைகளுக்கெல்லாம் சூடு மிதித்த களத்திலேயே நெல் அளந்து கொடுத்தார்கள். இப்போதும் அவர் நெல்லை மறுப்பதில்லை. நான் இந்த முறை ஒரு பகுதியை நெல்லாகவே கொடுத்தேன்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். நான்கு நாளில் தருவதாகச் சொன்ன வேலை ஒன்பது நாளில்தான் கைக்கு வந்தது. விதைப்புக் காலத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் போவதால் அப்படி ஆகிறது என்றாலும், நாளை முன்கூட்டிச் சரியாகச் சொல்லியிருக்கலாம். இதைவிடப் பெரிய குறை மண்வெட்டியின் பிடி. விண்ணாங்கு மரம் பிடிக்கு ஏற்றதுதான், ஆனால் எனக்குத் தந்தது முழுதாகக் காயாத மரம். “தம்பி, பிடி காயுமட்டும் பாரத்தை ஏத்தாதேங்கோ” என்று ஐயா சொல்லித்தான் தந்தார். ஐப்பசி மழை வந்து நிற்கும்போது எந்தக் கமக்காரனால் காத்திருக்க முடியும்? மூன்றாவது வாரத்தில் காது ஆடத் தொடங்கியது, நானே ஆப்பு இறுக்கிக்கொண்டேன். காய்ந்த பிடிகளை முன்கூட்டியே அடுக்கி வைத்திருந்தால் இந்தச் சிரமம் எவருக்கும் வராது என்று அவரிடமே சொன்னேன், அவரும் ஒத்துக்கொண்டார். கத்தி எண்ணெய் பூசாமல் ஒரு மழை இரவு வெளியில் கிடந்தால் துருவேறும் என்பதையும் வாங்குகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மண்வெட்டியும் கத்தியும் வேண்டியவர்கள் ஆவணிக்கு முன்பே போய்ச் சொல்லி வைக்க வேண்டும். பிடியை மட்டும் வீட்டில் காய்ந்த மரத்தில் சீவி எடுத்துக்கொண்டு போங்கள்; அதற்குரிய காசை விலையில் கழித்துத்தான் வாங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை உலை மூடியிருக்கும், மற்ற நாட்களில் வெயில் ஏறுவதற்கு முன் போவது நல்லது. இந்த ஆண்டுக்கு ஓர் அலவாங்கும் ஒரு கோடாலியும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.