மல்டிமீட்டரா, ஓபிடி ஸ்கேனரா? சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

காரின் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் கோளாறு எண்களைப் படித்துக் காட்டும் ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் ஒன்றும், வோல்ட், கரண்ட் அளக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்றும் சில வருடங்களாக என் கார் டிக்கியில் கிடக்கின்றன. ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் மல்டிமீட்டரை வாங்குங்கள். ஸ்கேனர் பார்க்கத்தான் கெத்து. வண்டி ஸ்டார்ட் ஆகாத காலையில் அதற்குப் பெரும்பாலும் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை.

இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. ஆனால் இதை மட்டும் நம்பக் கூடாது. 12.6 காட்டிய பேட்டரியே செல்ஃப் அடித்ததும் 8-க்குச் சரிந்ததைப் பார்த்திருக்கிறேன். இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு மீட்டரைக் கவனியுங்கள். 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி தளர்ந்துவிட்டது என்று பொருள். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.7 வரை வர வேண்டும்; 12-லேயே நின்றால், ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டரையும் அதைச் சுற்றும் பெல்ட்டையும் பாருங்கள். (சில புது வண்டிகளில் கம்ப்யூட்டரே வேண்டுமென்று சார்ஜிங்கைக் குறைக்கும். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுப் பார்த்தால் குழப்பம் குறையும்.)

மீட்டர் தன் விலையை மீட்டது எர்த், அதாவது பேட்டரி நெகடிவை வண்டியின் பாடியோடு சேர்க்கும் இணைப்பு விஷயத்தில். பேட்டரி நன்றாக இருந்தும் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஸ்டார்ட்டர் மோட்டாரையே மாற்ற வேண்டும் என்றது ஒரு பட்டறை. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகடிவிலும் மற்றதை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொன்னேன். 0.2 வோல்ட்டுக்குள் அடங்க வேண்டியது, ஒன்றைத் தாண்டியது. எர்த் கேபிள் பாடியில் சேரும் போல்ட்டைக் கழற்றினால் உள்ளே முழுக்கத் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கியதும் செல்ஃப் பழையபடி சுற்றியது. இதே கேபிளை, மீட்டரை ஓம்ஸில் (மின்தடை அளவில்) வைத்து அளந்திருந்தால் நல்லது என்றே காட்டியிருக்கும். நாலைந்து இழை மட்டும் மிஞ்சிய கேபிளும் ஓம்ஸில் தேறிவிடும். கரண்ட் பாயும்போதுதான் அதன் சாயம் வெளுக்கும்.

நிறுத்திவைத்த வண்டியில் பேட்டரி இறங்குகிறதா? பலரும் ஆம்ப்மீட்டரைத் தொடரில் இணைப்பார்கள். அப்போது தவறி யாராவது சாவியைத் திருப்பினால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். நான் ஒவ்வொரு ஃபியூஸின் தலையிலும் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளுக்கு இடையே மில்லிவோல்ட் பார்க்கிறேன். பூஜ்யம் அல்லாத ஃபியூஸ் எதுவோ, அந்த லைனில் கரண்ட் ஓடுகிறது. வண்டியைப் பூட்டிய உடனே பார்ப்பதில் பயனில்லை. உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக அரை மணி நேரமாவது பிடிக்கும். அதற்குப் பிறகு மொத்தம் 50 மில்லிஆம்புக்குள் இருந்தால் கவலை இல்லை.

சரி, ஸ்கேனர். அது காட்டும் கோளாறு எண்ணை, அதாவது 'கோடு' (code) என்பதைப் படித்துவிட்டு நேரே பார்ட் வாங்கப் போவதுதான் இங்கே பெரிய பணவிரயம். பி0171 வந்தால், காற்றோடு ஒப்பிட எரிபொருள் போதவில்லை என்பது மட்டுமே செய்தி. ஆக்சிஜன் சென்சாரை மாற்று என்று அது சொல்லவில்லை. நேரலைத் தரவில் ஃபியூயல் டிரிம் பாருங்கள்; கம்ப்யூட்டர் எரிபொருளை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற கணக்கு அது. ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) +20 சதவீதம் வரை ஏறி, 2500 ஆர்பிஎம்மில் இயல்புக்குத் திரும்பினால் எங்கோ வாக்யூம் லீக், அதாவது கணக்கில் வராத காற்று இன்ஜினுக்குள் கசிகிறது. என் வண்டியில் அது வெடித்துப்போன ஒரு ரப்பர் ஹோஸ். முதல் சிலிண்டர் மிஸ்ஃபயர் (எரிபொருள் சரியாகப் பற்றவில்லை) என்று பி0301 காட்டினால், பிளக்குக்கு மின்சாரம் தரும் அந்தச் சிலிண்டரின் காயிலையும் இரண்டாம் சிலிண்டரின் காயிலையும் இடம் மாற்றிப் போடுங்கள். கோடு பி0302 ஆனால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று போக வேண்டியதுதான்.

ஸ்கேனரில் எரிச்சல்களும் உண்டு. ப்ளூடூத் அவ்வப்போது அறுந்துபோகிறது. மலிவான மாடல் என்பதால் ஏபிஎஸ், ஏர்பேக் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. சாக்கெட்டிலேயே விட்டுவிட்டால் சில வண்டிகளில் இதுவே பேட்டரியைக் குடிக்கும். கோளாறு எண்ணை அழிப்பதற்கு முன் கட்டாயம் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். கோளாறு நடந்த நொடியில் பதிவான வேகம், வெப்பநிலை எல்லாம் அதோடு சேர்ந்தே போய்விடும்.

மீட்டரில் இதுவரை மாற்றியது வயர்களும் உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரியும்தான். பேட்டரிச் சின்னம் திரையில் வந்ததும் மாற்றிவிடுங்கள். அது தீர்ந்துவரும்போது பல மீட்டர்கள் உள்ளதைவிடக் கூடுதலாகவே காட்டும். செத்துக்கொண்டிருக்கும் கார் பேட்டரி நல்ல பேட்டரியாகத் தெரியும்.